பதினான்கு முறை அனுப்பிய பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. மூன்று மாடி ஏறி இறங்கும் அளவுக்கு நலம். நீயும் அத்தானும் அப்பாவின் வலது கண்ணும் அங்கே நலமாக இருக்க வேண்டும்.

அப்பாவை மூன்று மாதம் நான் வைத்துக்கொள்வேனா என்று கேட்டு, சொட்டு மருந்து நேரம் எல்லாம் குறித்து, நீ மின்னஞ்சல் அனுப்பிப் பதினாறு நாள் ஆகிறது. போனில் கேட்டால் மழுப்புவேன், எழுத்தில் சொல் என்றிருந்தாய். நியாயம். ஆனால் எழுத்தில் சொல்ல நல்ல செயலி வேண்டும். புதுப் போனுக்கு அதைத் தேடியதில்தான் தாமதம்.

முதல் செயலி கடிதங்களைத் தானே தரம் பிரிப்பது. உன்னுடையதை விளம்பரங்களில் போட்டிருந்தது. மெத்தைத் தள்ளுபடிக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நடுவே, 'அப்பா கண் ஆபரேஷன்'. கோபம் வந்தது. பிறகுதான் உறைத்தது: உன்னுடைய முந்தைய ஆறு கடிதங்களை நான் திறக்கவே இல்லை. அது என்னைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறது.

இரண்டாவது, ஒத்திப்போட உதவுவது. விரலால் ஒரு தள்ளு, கடிதம் மறைந்துவிடும். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வரும். தினமும் காலை எட்டு மணிக்கு வந்து நின்றது. பல் துலக்கும் நேரம். கண்ணாடியில் என் முகம், கையில் உன் கேள்வி. மூன்றே நாளில் தூக்கிவிட்டேன்.

மூன்றாவது, பதிலையும் தானே எழுதித் தந்தது. சரி. முடியாது. பார்க்கலாம். மூன்றாவது பதில் நம் வீட்டில் அப்பாவுடையது. நான் சைக்கிள் கேட்டபோதும் அதுதான், இலக்கியம் படிக்கிறேன் என்றபோதும் அதுதான். அவருக்கே திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை.

நான்காவதில், அனுப்பியதை முப்பது விநாடிக்குள் திரும்பப் பெறலாம். எனக்காகவே செய்தது போலிருந்தது. 'முடியாது' அனுப்பினேன். இருபதாவது விநாடியில் பறித்தேன். 'சரி' அனுப்பினேன். இருபத்தெட்டில் பறித்தேன். ஒரே மாலையில் பதினான்கு முறை. நடுவில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, தண்ணீர் மோட்டாரை நிறுத்தாமல் விட்டது யார் என்று நெடுநேரம் விசாரித்தார். திரும்பி வந்தபோது திரையில் எதுவும் இல்லை. பறித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அச்சகத்தில் பக்கத்து மேஜையில் மெய்ப்புத் திருத்தும் பெண்ணிடம், எந்தச் செயலி நல்லது என்று கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

"உனக்கு ஆப் வேணாம். உங்க அக்காகிட்ட 'மாட்டேன்'னு சொல்ல ஒரு ஆள் வேணும். நம்பரைக் குடு, நானே சொல்றேன்."

கொடுக்கவில்லை.

அதனால் காகிதம். தபால் பெட்டிக்குள் கை நுழையாது. எழுதுகிறேன்: முடியாது. அறை பத்துக்குப் பத்து. கட்டில் ஒன்று. படி நாற்பத்தொன்று. இதெல்லாம் சாக்கு. அப்பாவும் நானும் தனித்தனி அறையில்தான் பேசாமல் இருந்து பழகியிருக்கிறோம். ஒரே அறையில் எப்படிப் பேசாமல் இருப்பது என்று தெரியவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல். குட்டிக்கு முத்தம். அப்பாவிடம் நீயே பதமாகச் சொல்லிவிடு.

உன் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், கதவு தட்டினார்கள். மோட்டாரை நான் தொடவில்லை என்று சொல்லிக்கொண்டே திறந்தேன். கறுப்புக் கண்ணாடியோடு அப்பா. பின்னால் இரண்டு பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு அத்தான். பதினான்கில் ஒரு 'சரி' உன்னிடம் தப்பி வந்துவிட்டதாம். 'சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறார்' என்ற உன் பதிலைத் தேடினேன். முதல் செயலி அதையும் விளம்பரங்களில் போட்டிருந்தது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். யாருக்குக் கடிதம் என்றார். அக்காவுக்கு என்றேன்.

"வந்து சேர்ந்துட்டேன்னு ஒரு வரி போட்டுரு." கொஞ்ச நேரம் கழித்து, "உனக்குத் தொந்தரவா இருக்குமோடா?"

"பார்க்கலாம்ப்பா" என்றேன். வாய் தவறித்தான். அவர் சிரித்துவிட்டார்.

மேலே 'முடியாது' என்று இருப்பதை 'சரி' என்று திருத்திப் படித்துக்கொள். மற்றது அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது செயலியையே மறுபடி ஏற்றிவிட்டேன். இனி உன் கடிதம், சொட்டு மருந்துக்கு நீ குறித்த எட்டு, பன்னிரண்டு, நான்கு, எட்டு மணிக்குத் திரும்பி வரும். அச்சகம் இரண்டு தெருதானே, மதியமும் மாலையும் ஓடி வந்துவிடலாம். இன்று நான்கு மணிக்கு முதல் முறை வந்தது. அப்பா தலையைப் பின்னால் சாய்த்தார். இரண்டாவது சொட்டுதான் கண்ணில் விழுந்தது.