கட்டிலோடு தூக்கி வைப்பேன்

“நூத்துக்குப் பன்னெண்டுங்கப்பா” என்றாள் மோகனப்பிரியா.

மருதாசலம் விழுந்து விழுந்து சிரித்தார். “யாரு சாமி அந்தக் கூமுட்டை?”

மகள் விடைத்தாளைத் திருப்பிக் காட்டினாள். அவருடைய கையெழுத்துதான்.

மருதாசலத்துக்கு மல்லசமுத்திரத்தில் வீடு. அவருடைய போர்வெல் போடும் ரிக் வண்டிகள் ஓடுவதோ மத்தியப் பிரதேசத்தில். முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து போனிலேயே கம்பெனியை ஆண்டார். அவர் குரலுக்குப் போன் அவசியமில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் போபாலில் கேட்கும். பதில் இங்கே வந்து சேர வேண்டுமே என்றுதான் போன் வைத்திருந்தார். அவர் அதட்டி முடித்ததும் மனைவி பொன்னாத்தாள், “கொத்தமல்லிக்குச் சொல்லிட்டு வாரேனுங்க” என்று தன் போனை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போவார். அந்த வீட்டில் கொத்தமல்லிச் செலவு கொஞ்சம் அதிகம்.

இப்போது மேனேஜர் வேலைக்கு ஓர் ஆள் வேண்டும். எம்.பி.ஏ. படித்த மகள் ‘சூழ்நிலைப் பரீட்சை’ ஒன்று தயாரித்தாள். சிக்கலைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்கும். நான்கு வழிகளில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். மழைக்கு வேலையை நிறுத்தி, வண்டிகளோடு ஊர் வந்திருந்த ஆட்களையெல்லாம் வீட்டை ஒட்டிய ஷெட்டில் கூட்டி, மருதாசலம் மைக்கைப் பிடித்தார்.

“அம்பதுக்குக் கீழ எடுக்கறவனுக்கு இந்தக் கம்பெனியில எடமில்ல. அது நானா இருந்தாலும் சரி!”

கை தட்டினார்கள். அந்த வேகத்தில் தானும் ஒரு தாளை வாங்கி எழுதிவிட்டார். இப்போது நாற்காலியே ஆட்டம் கண்டுவிட்டது.

“எதுல தப்பு? காட்டு.”

“போர்ல தண்ணி வரலைன்னு தோட்டத்துச் சொந்தக்காரர் ரிக்குக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுத்துட்டாரு. நீங்க ‘கட்டிலோடு தூக்கி ஓரமாக வைப்பேன்’னு போட்டிருக்கீங்க.”

“வேற என்னதான் பண்றது?”

“அவரு ஊட்டுலயே சாப்பிட ஒக்காந்துட்டு, காலையில பேசோணுமாம்.”

“கட்டிலு நாரா, தேக்கான்னு கேள்வியில போடவே இல்லையே சாமி! யாரு முடிவு பண்ணுன வெடை இது?”

“அனுபவமுள்ளவங்களக் கேட்டுத்தானுங்கப்பா.”

கோயமுத்தூர்ப் பேராசிரியர் யாராவது இருக்கும் என்று எண்ணி அதை விட்டார். அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து இருந்தது. ஆட்கள் அத்தனை பேரும் தொண்ணூறுக்கு மேல். போனிலேயே பலமுறை அவர் வேலையைவிட்டு நீக்கிய டிரில்லர் சின்னண்ணனுக்குக்கூட முழு மதிப்பெண்.

“காப்பியடிச்சிருக்கானுங்க!”

விடுவாரா மருதாசலம்? கதவைச் சாத்திக்கொண்டு புதுக் கேள்விகளைத் தானே எழுதினார். ஆளுக்கொரு லாரி கேபினில் உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுதச் சொன்னார். வேர்வையில் தாள்கள் ஊறிப்போய் வந்தன. மறுபடியும் அனுபவமுள்ளவர்களைக் கேட்டுத் திருத்திய மகள் தயங்கினாள்.

“எல்லாரும் மறுபடி ஒரே மாதிரிதானுங்கப்பா. எல்லாஞ் சரி.”

“நானு?”

“எட்டு.”

தான் எழுதிய கேள்விக்கே எட்டு! சோறு இறங்கவில்லை, ஆனால் பிடியையும் விடவில்லை. “கேள்வியும் என்னுது, கம்பெனியும் என்னுது. வெடை மட்டும் என்ன அடுத்தவங்களுது?” என்று விடைகளையெல்லாம் தன் வழிக்கு மாற்றினார். மறுமுறை திருத்தியபோது அவருக்கு நூற்றுக்கு நூறு. மற்ற எல்லோருக்கும் அந்த எட்டு.

“அப்பா, மைக்குல நீங்க சொன்னபடி பாத்தா, இப்ப எல்லாரையும் அனுப்போணும். மழை முடிஞ்சா வண்டிய யாருங்க ஓட்டறது?”

அவருக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனாலும் சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. ஷெட்டுக்குப் போய் மைக்கைப் பிடித்தார். “அத்தன பேருக்கும் வேலை போச்சு. கெளம்புங்க!”

வீடு திரும்பி இலை முன் உட்கார்ந்தார். பொன்னாத்தாளை நகரவிடவில்லை. “பக்கத்துலயே இரு. ரசம் ஊத்து.”

“கொத்தமல்லிக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு...”

“கொத்தமல்லி கெடக்குது. ஊத்து!”

கை கழுவிவிட்டு ஷெட்டை எட்டிப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏம்ப்பா சின்னண்ணா, வேலையே போச்சுங்கறேன், இன்னும் ஊட்டுக்குப் போவாம என்ன ஒக்காந்திருக்கறீங்க?”

சின்னண்ணன் மரியாதையாக எழுந்து, கையிலிருந்த போனை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

“நீங்க சொல்லிட்டீங்க மொதலாளி, ஆனா என்ன செய்யோணும்னு அம்மா இன்னும் கூப்புட்டுச் சொல்லலீங்களே; பரீட்சையிலயே அவங்க எப்பவும் சொல்றதத்தானுங்க எழுதுனோம்!”