பீஸ்கட்டை நைனாவின் பேன்ட் பாக்கெட்

திருவொற்றியூரில் எங்கள் தெரு மொத்தமும் ஒன்றுகூடி ஒரே மனிதரைச் சபித்தது என்றால் அது பீஸ்கட்டை நைனாவைத்தான். கரண்ட் ஆபீஸ்காரர். நிஜப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. திட்டுவதற்கு இந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

தெருமுனை ஃப்யூஸ் பெட்டியில் மூன்று பீஸ்கட்டைகள். பிடுங்கினால் தெருவுக்குக் கரண்ட் இல்லை, செருகினால் உண்டு. கேபிள் பழுதானால் நைனா அவற்றைப் பிடுங்கித் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். அடுத்த தெருவில் குழிக்குள் இறங்கி கேபிளை ஒட்டும் தேவராஜ், வேலை முடிந்ததும் தானே நடந்து வந்து, தன் கையால் அந்தப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் செருகுவார். போனில் சொன்னால் செல்லாது. ஆள் விட்டுச் சொன்னாலும் செல்லாது.

ஒருமுறை வேலை இழுத்துக்கொண்டே போனது. நைனாவுக்குத் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது. மனுஷன் என்ன செய்தார்? எங்கள் தெருக் கரண்ட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே ராயபுரம் போய்விட்டார்! வெயிலில் வெந்துபோன நாங்கள், வேலை முடித்த தேவராஜை பைக்கில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். போட்டோவுக்கு நிற்கும் தாய்மாமன் பேன்ட்டுக்குள், உடம்பெல்லாம் சேறாக ஒருத்தன் கைவிட்டுத் துழாவுவதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். நைனா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களோடு வந்து செருகிவிட்டு, மறுபடி பந்திக்குப் போனார்.

கிறுக்கு என்றோம். காரணத்தை ஒருநாள் டீக்கடையில் அவரே சொன்னார். முன்பு எண்ணூரில், ஆள் மேலே வந்துவிட்டான் என்று யாரோ சொன்னதை நம்பிச் செருகியிருக்கிறார். குழிக்குள் இருந்தது அவருடைய தோஸ்து. சொல்லிவிட்டு வடையைத் தின்று முடித்தார்.

பிறகு அந்தப் புயல். தெருவில் தண்ணீர் வடிந்தும் கரண்ட் வரவில்லை; கேபிள் பழுது, கட்டைகள் நைனாவின் பாக்கெட்டில். நிலக்கரி யார்டில் வேலை பார்த்து நுரையீரல் போன சவரி அண்ணனுக்கு ஆக்சிஜன் மெஷின் நின்றுவிட்டது. மாற்று சிலிண்டரும் தீர்ந்துகொண்டிருந்தது. சப்வே முழுகிக் கிடந்ததால் ஆம்புலன்ஸ் வரவில்லை. ஒருத்தன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, குழியில் ஆளே இல்லை என்றான். அவன் பார்த்தது வேறு குழி. தூறலுக்குத் தார்ப்பாய் மூடிய குழியில் தேவராஜ் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

கூட்டம் நைனாவைப் பெட்டியோடு சேர்த்து அமுக்கியது. அடி விழுந்தது. பாக்கெட் கிழிந்தது. இரண்டு கையாலும் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அடிச்சிக்கோ. அவன் வராம தரமாட்டேன்."

அப்போது சவரி அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா வந்தார்.

"வுட்ருங்க அவர. குழில கீறவனுக்கும் வூட்ல பொண்டாட்டி கீறா."

சொல்லிவிட்டுப் புருஷனிடம் திரும்பிப் போய்விட்டார்.

தேவராஜ் வந்தான். கரண்ட் வந்தது. சவரி அண்ணன் அதற்குள் போய்விட்டார். கிழிந்த பேன்ட்டோடு நைனா அந்த வாசலிலேயே நின்றார், உள்ளே போக அவருக்குத் தைரியம் வரவில்லை.

போன ஆடியில் நைனாவும் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். இப்போது வருகிறவர் கட்டைகளைப் பிடுங்கிப் பெட்டி மேலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். உடனே பிலோமினா அக்கா ஒரு ஸ்டூலோடு வந்துவிடுகிறார். நைட்டி மேல் போட்ட துண்டில் மூன்றையும் முடிந்துகொண்டு, தேவராஜ் வந்து கைநீட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் விசிறிக்கொண்டு காத்திருக்கிறோம். அக்காவைத் திட்ட யாருக்கும் வாய் வராது. திட்டுவதற்கு நைனா இல்லையே என்றுதான் இருக்கிறது.