வார்னிங்தானே, விடுங்க!

மென்பொருள் அலுவலகங்களில் ஓர் இனம் உண்டு. திரையில் பிழை என்று சிவப்பு எழுத்து வந்தால் நடுங்கும். வெறும் எச்சரிக்கை என்று மஞ்சள் எழுத்து வந்தால் காபி குடிக்கப் போகும். எச்சரிக்கை ஒழிப்பாளர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இருப்பவருக்கு, முதுகுக்குப் பின்னால், மௌனசாமி என்று பெயர்.

நிரலையும் அதன் நடுவே நாங்கள் எழுதும் குறிப்புகளையும் படித்து, வாடிக்கையாளருக்குக் கையேடு தயாரித்துத் தரும் கருவி ஒன்று எங்களிடம் உண்டு. பாவம், நாணயமான கருவி. நிரல் நம்பியிருக்கும் வெளி லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு, ஏதாவது கண்ணில் படாவிட்டால், "இதைக் காணோம், அதைக் காணோம்" என்று மஞ்சளில் புலம்பும். அது இருக்கும் இடத்தை, கருவிக்கான அமைப்புகளை எழுதிவைக்கும் பில்டு கோப்பில் ஒரே வரியில் சொன்னால் போதும், அடங்கிவிடும். மௌனசாமி சொல்வாரா? சொல்ல வேண்டுமென்றால் தேட வேண்டும், தேடிக் கிடைக்காவிட்டால் யாரையாவது கேட்க வேண்டும், கேட்டால் தனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும். ஆகவே எச்சரிக்கையையே காட்டாதே என்று கருவிக்கு ஒரு கட்டளை போட்டு, திரை சுத்தமானதும் நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்து, "வார்னிங்தானே, முடிச்சாச்சு" என்பார். வீட்டிலும் அப்படித்தானாம். குழாய் சொட்டுகிறது என்று மனைவி சொன்னால் குளியலறைக் கதவைச் சாத்திவிடுவாராம்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அந்தப் பெண்ணின் விஷயம் வரும்வரை.

புதிதாகச் சேர்ந்தவள். வேலை நிரந்தரமாகுமா என்பது கையேட்டில் அவள் பகுதியைப் பார்த்துத்தான் முடிவாகும். பொறுமையாகக் குறிப்பு எழுதினாள்; தன் கணினியில் கையேட்டை எடுத்துப் பார்த்தபோது எல்லாம் அழகாக வந்தது. மௌனசாமி தன் கணினியில் எடுத்து அனுப்பிய கையேட்டிலோ அவளுடைய பகுதியில் தலைப்பு மட்டும் இருந்தது. கீழே வெறும் வெள்ளை. வாடிக்கையாளர் கத்தினார், மேலாளர் கூட்டம் போட்டார்.

"என்னம்மா, எழுதவே இல்லையா?"

"எழுதினேன் சார். நான் சேர்த்த லைப்ரரி அவர் கம்ப்யூட்டர்ல இருக்கிற இடம் டூலுக்குத் தெரியல போல, அதான் என் பகுதியை விட்டுடுச்சு. வார்னிங் வந்திருக்குமே?"

"ஒரு வார்னிங்கும் வரலையே!" என்றார் மௌனசாமி, பச்சைக் குழந்தை மாதிரி.

அவள் எழுந்துபோய், எல்லார் முன்னாலும் மௌனசாமியின் கணினியில் அந்தக் கட்டளையைத் தேடிப்பிடித்து நீக்கிவிட்டுக் கருவியை மறுபடி ஓட்டினாள். சுவர்த்திரை முழுக்க மஞ்சள்! விடுபட்ட லைப்ரரியின் இடத்தை ஒரு வரியில் சேர்த்தாள். பக்கங்கள் நிரம்பின.

மௌனசாமி அசருவாரா? "அதான் சார், லைப்ரரி சேர்த்ததை எங்கிட்ட யாருமே சொல்லலையே!"

"இனிமே சொல்லிட்டுச் செய்யுங்கம்மா" என்றார் மேலாளர், அவளைப் பார்த்து. நிரந்தரம் தள்ளிப்போனது.

கருவி தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறது. அதன் வாயைக் கட்டிவிட்டு, யாருமே சொல்லவில்லை என்கிற மனிதரை என்ன செய்வது? நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று தலையாட்டுகிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் நீங்கள் இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்களும் "ம், ம்" என்றீர்கள்.

என்ன சொன்னார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?