ஓட்டல் போர்டுக்கு ஏற்றிய விளக்கு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை பிரசாத் அவர்களுக்கு,

திருவண்ணாமலையிலிருந்து மச்சான் ஏழுமலை எழுதுவது. அண்ணாமலையார் அருளால் இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அருளில் ஒரு குறையும் இல்லை. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஆறு மாடி வந்துவிட்டது, அவ்வளவுதான். ஓசூரில் நீங்களும் தங்கை தமிழ்செல்வியும் மருமகள் கவிநிலாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம். ஆனால் தமிழ்செல்வி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மிக்சியை ஓட்டுகிறாள், நான் வருத்தப்பட்டுச் சொல்வதெல்லாம் சட்னியோடு அரைபட்டுப் போகிறது. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். அப்பா கட்டிய இந்த வீட்டில் பாதி தமிழ்செல்விக்குச் சொந்தம். பில்டர் அன்பரசன் உங்களிடம் பேசியதாகவும், நீங்கள் "பார்க்கலாம்" என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை, இப்போது இந்த ஊரில் பில்டரிடம் "பார்க்கலாம்" என்றால் பாதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. தயவுசெய்து தமிழ்செல்வியைப் போட விடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

நம் வீட்டுக்கு மேற்கே பழைய அரிசி மண்டி இருந்ததே, அந்த இடத்தில்தான் அன்பரசன் கட்டியிருக்கிறார். கீழே மூன்று மாடி ஓட்டல், மேலே மூன்று மாடி அபார்ட்மெண்ட். கட்டுகிறவரை சிமெண்ட் தூசி நம் மொட்டை மாடியில்தான் இறங்கியது. என் வீட்டுக்காரி வள்ளி காயவைத்த வடகத்தைப் பொரித்தால் எண்ணெயில் மிதக்காமல் அடியில் போய் உட்கார்ந்தது. அவர்கள் போர் போட்டதும் நம் கிணறு தன் வேலையை நிறுத்திக்கொண்டது. ஓட்டல் திறந்த பிறகு பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்கள் பெட்டியோடு நம் கூடத்துக்குள் வந்து, என்னிடம் ரூம் சாவி கேட்கிறார்கள். மேற்குப் பக்கத்து ரூமுக்கு மலை தெரியும் என்று வாடகை ஜாஸ்தி. கிழக்குப் பக்கத்து ரூமுக்குக் கம்மி, ஏனென்றால் அங்கிருந்து பார்த்தால் நான்தான் தெரிவேன். நான் லுங்கியோடு மாடியில் நின்று பல் தேய்ப்பதை ஒரு வெள்ளைக்காரர் போட்டோ எடுத்துவிட்டுக் கும்பிட்டார். நானும் வாயில் நுரையோடு கும்பிட்டேன், வேறென்ன செய்வது?

எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் கார் நிறுத்த இடம் விடவில்லை என்பது அன்பரசனுக்கு ஞாபகம் வந்தது. சுற்றிப் பார்த்தார். நம் வீடு கண்ணில் பட்டது. வீட்டை அவருக்குக் கொடுத்தால் அதற்குப் பதிலாக மேலே நமக்கு இரண்டு ஃபிளாட் தருவாராம். அதாவது, நானும் உங்கள் மனைவியும் பிறந்த கூடத்தில் இனி பெங்களூர்க் கார்கள் நிற்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூன்று நாள் முன்னால் தீபத்தன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மலை உச்சியில் ஜோதி தெரிந்த பிறகுதான் வீட்டில் அகல் ஏற்றுவது, அதுவரை பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாயில் படாது. போன வருஷம் கட்டடம் நாலு மாடியோடு நின்றிருந்தது. வள்ளி என்னை வாட்டர் டேங்க் மேல் ஏற்றிவிட்டாள். நான் மேலிருந்து "ஏத்திட்டாங்க" என்று குரல் கொடுக்க, அவள் கீழே ஏற்றினாள். இந்த வருஷம் டேங்க் மேல் இன்னொரு டேங்க் வைத்து ஏறினாலும் உச்சி தெரியாது. ஆனாலும் தெருவே மொட்டை மாடியில் நின்றது, கட்டடத்துக்கு மேலாக வெளிச்சமாவது எட்டிப் பார்க்காதா என்ற ஆசையில். மேகம் வேறு. திடீரென்று கட்டடத்தின் தலைக்கு மேல் பொன்னிறமாக ஒரு ஜோதி எழுந்தது. எதிர்வீட்டு ஹைமவதியம்மாள் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றார். அவர் வீட்டுக்காரர் விஸ்வநாத குருக்கள் கோயிலில் பூஜை செய்கிறவர். குருக்கள் வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள் என்றால் அப்புறம் என்ன கேள்வி? தெரு முழுக்க விளக்கு எரிந்தது. எனக்கு ஜோதி வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக, கொஞ்சம் கிட்டத்தில் தெரிந்தது. நம் கஷ்டத்தைப் பார்த்து ஆண்டவனே இறங்கி வந்துவிட்டார் என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மாப்பிள்ளை. கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு பொரி உருண்டையை வாயில் போட்டேன். அப்போதுதான் ஜோதிக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்துகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. ஓட்டல் பெயர். கடைசியில் போன் நம்பர்.

கொஞ்ச நேரம் கழித்துக் கோயில் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. அதுதான் உண்மையான தீபம். எல்லோரும் வாயில் பொரியை வைத்துக்கொண்டு, முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றோம். ஏற்றியதை அணைத்துவிட்டு மறுபடி ஏற்றலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. குருக்கள் கோயிலிலிருந்து வந்து, ஏற்றின விளக்கு ஏற்றினதுதான், அதை அணைப்பது பாவம், விட்டுவிட்டுப் போவதும் பாவம் என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு கறாராகத்தான் இருந்தது, ஆனால் தன் வீட்டு வாசலை மட்டும் அவர் பார்க்கவே இல்லை. வள்ளி அன்று சாப்பிடவில்லை. "ஊரே மலைக்கு ஏத்துது. நான் ஓட்டல் போர்டுக்கு ஏத்திட்டேங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள்தான், அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நாற்பது வருஷத்தில் அவள் அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் அன்பரசனிடம் சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம். "தப்பா எடுத்துக்காதீங்க சார், பசங்க போர்டு டெஸ்ட் பண்ணாங்க. மலை தெரியலன்றதுதானே உங்க வருத்தம்? ஜோதி பதினொரு நாளும் எரியும். வீட்டம்மாவக் கூட்டிக்கினு நம்ம ஆறாவது மாடிக்கு வாங்க" என்றார். உங்கள் கட்டடத்தில் என் கால் படாது என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லும்போது குரல் நடுங்கவே இல்லை, இதைத் தமிழ்செல்வியிடம் சொல்லவும்.

ஆகவே மாப்பிள்ளை, சாமிக்கும் குடும்பத்துக்கும் குறுக்கே நிற்கிற கட்டடத்துக்கு நாமே இடம் கொடுக்கலாமா? மலை எல்லோருக்கும் பொது. அதை மறைக்கிறவனுக்குத் துணைபோனால் நம் பிள்ளைகள் நம்மை என்ன நினைப்பார்கள்? யாராக இருந்தாலும், எத்தனை மாடி கொடுத்தாலும், முடியாது என்று சொல்லிவிடவும்.

கவிநிலா பரீட்சையில் நல்ல மார்க் வாங்கவும், உங்கள் முட்டிவலி விலகவும், தமிழ்செல்விக்கு மிக்சி இல்லாத ஒரு மணி நேரமாவது வாய்க்கவும் அருணாசலேஸ்வரர் துணையிருப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் நன்மையை நாடும்
ஏழுமலை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது அன்பரசன் வந்தார். திட்டி முடிப்பதற்காகத்தான் அவரோடு லிஃப்டில் ஏறினேன். வள்ளியும் வந்தாள். ஆறாவது மாடி, மேற்குப் பக்கத்து வீடு. பால்கனிக் கதவைத் திறந்தார். மாப்பிள்ளை, மலை அடியிலிருந்து நுனிவரை முழுசாக நிற்கிறது, உச்சியில் ஜோதி. வள்ளி பையில் அகலும் எண்ணெயும் தீப்பெட்டியும் கொண்டுவந்திருந்தது எனக்கு அங்கேதான் தெரியும். பால்கனியில் ஏற்றி வைத்துவிட்டு, "ஏத்தின விளக்க விட்டுட்டுப் போறது பாவம்னு குருக்கள் சொல்லியிருக்காருங்க" என்றாள். மூன்று நாள் கழித்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறவளிடம் என்ன சொல்வது? நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதோடு வைத்திருக்கிற பத்திரத்தில் தமிழ்செல்வியையும் பென்சிலில் புள்ளி வைத்த இடத்தில் போடச் சொல்லவும். உங்களுக்கு நாலாவது மாடி, கிழக்குப் பக்கம். மலை தெரியாது, நம் வீடு இருந்த இடத்தில் கார்கள் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவைதானே வருகிறீர்கள், அட்ஜஸ்ட் செய்துகொள்ளவும்.

ஒரு விஷயம் மட்டும் அவசரம். ஓட்டலுக்கும் மலைக்கும் நடுவில் உங்கள் காலேஜ் சிநேகிதர் திருமலையின் காலி மனை இருக்கிறது. அவரிடம் இன்னொரு பில்டர் ஏழு மாடிக்குப் பேசினாராம், அவரும் "பார்க்கலாம்" என்றாராம். எவ்வளவு அநியாயம் பாருங்கள். மேலே நான் எழுதியிருப்பதை, பெயரை மட்டும் மாற்றி, அவருக்கு உடனே அனுப்பவும். பின்குறிப்பைச் சேர்க்க வேண்டாம்.