மாமாவின் கால்விரலும் மருந்துக்கடை நாயும்

நகராட்சி அலுவலகத்தில் சுகாதாரப் பிரிவில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பி மகனுக்கு, உன் அத்தை ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் கடவுள் கிருபையால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தையும் எங்களைவிடச் சுகமாக மூச்சு விட வேண்டும் என்று இரண்டு வேளையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்கலாம். போன் செய்தால், "அத்தை, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். உன் மாமாவோ, "ஆபீஸ்ல வாயால சொன்னது காத்தோட போயிடும், எழுதிக் குடு" என்கிறார். காலமெல்லாம் தபால் கொடுத்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆகவே எழுதுகிறேன். விஷயம், நாய்.

நாய் என்றதும் சிரிக்காதே. உண்மையான விஷயம் கால்விரல். உன் மாமா ரிட்டயர் ஆன அன்னிக்கு, தபால் பையையும் சைக்கிளையும் ஆபீஸ்ல ஒப்படைச்சிட்டு வீட்டுக்கு நடந்து வந்தாரு. வந்தவரு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாரு, உட்கார்ந்ததுதான். பை தொங்கின தோள் மட்டும் இன்னும் ஒரு பக்கமா சாய்ஞ்சே இருக்கு. தெருவுல யாராவது போனா நிமிர்ந்து பார்ப்பாரு. அவங்க இவரைப் பார்க்காமப் போவாங்க. திரும்பத் தலையைக் குனிஞ்சுக்குவாரு. சாப்பிட வாங்கன்னா வருவாரு, படுங்கன்னா படுப்பாரு, பேசுங்கன்னா மட்டும் பேச மாட்டாரு. இப்படி உட்கார்ந்தே சர்க்கரை ஏறி, இடது கால் கட்டைவிரல் மரத்துப் போய் நிறம் மாற ஆரம்பிச்சிருக்கு. புண் இல்லை, வலி இல்லை, அதுதான் எனக்குப் பயம். "காலையில சாயங்காலம் நடக்கணும், ரத்தம் ஓடணும், இல்லேன்னா விரலை எடுக்க வேண்டி வரும்"னு டாக்டரம்மா கத்திரிக்காய்க் காம்பைக் கிள்ளுற மாதிரி சொல்லிட்டாங்க. எதிர்ச்சந்து இரும்புக் கடைக்காரர் இப்படித்தான் சுண்டுவிரல்ல ஆரம்பிச்சு முழங்கால்ல வந்து நின்னாரு. நின்னாருன்னு சொல்றதே தப்பு, பாவம், அவரால எங்கே நிக்க முடியுது.

நடக்கறதுன்னா எங்க தெருவுலதான் நடக்கணும். எங்க தெருன்னா நாய்ங்க தெரு, நாங்க வாடகைக்கு இருக்கோம். உன் மாமாவுக்கு மனுஷங்க பேரு மறக்கும், அட்ரஸ் மறக்காது. அதனால நாய்க்கும் அட்ரஸையே பேரா வெச்சிருக்காரு. மருந்துக்கடைப் படியில படுக்கிற காது கிழிஞ்ச செவலை, மருந்துக்கடை. ரொட்டிக்கடைப் பின்வாசல்ல இருக்கிறது ரொட்டிக்கடை, அதோட உடம்பைப் பார்த்தாலே யாரும் சொல்லிடுவாங்க. பூட்டிக் கிடக்கிற வீட்டு வாசல்ல படுக்கிறது பூட்டின வீடு. வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டு எங்கேயோ போயிட்டாங்க, அது மட்டும் அட்ரஸ் மாத்திக்கலை. இதுங்களோட பங்காளி, சம்பந்தின்னு இன்னும் ஒரு கூட்டம். மனுஷன் மரத்துப் போன விரலோட இந்தக் கூட்டத்துக்குள்ள நடக்கப் போறாரு, தனியா விட மனசு வருமா, சொல்லு. "நீ வராதே"ன்னாரு. என் மேல இருக்கிற அக்கறையில சொல்றாருன்னு நினைச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் குடையை எடுத்துக்கிட்டு நானும் இறங்கினேன்.

குடை எதுக்குன்னா, நாய் பாய்ஞ்சு வந்தா அது முகத்துக்கு நேரா பட்டுனு விரிக்கணுமாம், பயந்து ஓடிடுமாம். ஆஸ்பத்திரி வரிசையில எனக்கு முன்னாடி நின்ன அம்மா சொன்னது. மருந்துக்கடை சும்மா படுத்து எங்களைப் பார்த்துச்சு. அது பாயட்டும்னு காத்திருந்தா நேரமாகும்னு நானே விரிச்சேன். அது துள்ளி எழுந்து குரைச்ச குரைப்புல ரொட்டிக்கடை வந்துச்சு, பூட்டின வீடு வந்துச்சு, பங்காளி, சம்பந்தி எல்லாம் வந்துச்சு. நான் குடையைச் சுழட்ட, அது காத்துல தலைகீழா மடங்க, கம்பி உன் மாமா கண்ணாடியைத் தட்டிவிட, அவரு குனிஞ்சு கண்ணாடியைத் தேட, ஒரே அமளி. குரைக்கிற நாய் கடிக்காதுன்னு சொல்லி வெச்ச மகராசன் எந்தத் தெருவுல குடியிருந்தாரோ. நாலு வீடு தாண்டல, திரும்பிட்டோம்.

சரி, நாயைக் கண்டா கல்லைக் காணோம், கல்லைக் கண்டா நாயைக் காணோம்னு சொல்லுவாங்களே, அந்தக் குறையே வேண்டாம்னு மறுநாள் பால் பவுடர் டின்ல கூழாங்கல்லைப் போட்டுக் கையிலேயே எடுத்துக்கிட்டேன். எறியறதுக்கு இல்லை, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம், ஆட்டறதுக்கு. சத்தம் கேட்டா ஒதுங்கிடுமாம். மனுஷங்கதான் ஒதுங்கினாங்க. அடுத்த தெரு நாய்ங்க வேற என்னமோ ஏதோன்னு வந்து சேர்ந்துக்கிச்சு. போதாததுக்கு நான் காப்புப் பாட்டை வேற வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போனேன். மனசுக்குள்ள சொன்னா கடவுளுக்குக் கேக்கும், நாய்க்குக் கேக்க வேண்டாமா? தையல்காரி மாடியில இருந்து தலையை நீட்டி, "என்னக்கா, ஊர்வலமா? சாமி எங்கே காணோம்?"னு கேட்டா. "முன்னாடி போகுது பாரு"ன்னு உன் மாமாவைக் காட்டினேன். உன் மாமா திரும்பிப் பார்த்து, "நீ சும்மா வந்தா அதுங்களும் சும்மா இருக்கும்"னாரு. அவரு என்னைச் சும்மா இருன்னு சொல்றது கல்யாணமான நாள்ல இருந்து சொல்றதுதான், நாய்க்குன்னு புதுசா சொல்லலை. அதனால நான் காதுல வாங்கலை.

அப்புறம்தான் உனக்குப் போன் பண்ணினேன். மீட்டிங்குக்கு நடுவுல நீ சொன்ன புத்திமதி ஒண்ணையும் நான் மறக்கலை. ஓடக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது, கத்தக் கூடாது, கையைக் கட்டிக்கிட்டு மரம் மாதிரி நிக்கணும், பையைக் குறுக்கே பிடிச்சுக்கணும், மெல்ல மெல்லப் பின்னால நகரணும். நல்ல புத்திமதிதான், நான் இல்லேன்னு சொல்லலை. மருந்துக்கடை எதிர்ல வந்ததும் கையைக் கட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, மரமா நின்னுட்டேன். கத்தக் கூடாதுன்னுதானே சொன்னே, பாடக் கூடாதுன்னு சொல்லலையே, காப்புப் பாட்டை மட்டும் விடலை. பாட்டு முடிஞ்சு கண்ணைத் திறக்கறேன், மருந்துக்கடை எதிர்ல உட்கார்ந்து வானத்தைப் பார்த்து ஊளையிடுது, எனக்குப் பின்னால ஆளுங்க வரிசையா நிக்கறாங்க. "என்னம்மா தர்றாங்க இங்கே?"னு ஒருத்தரு கேக்கறாரு. உன் மாமா ரொம்ப தூரம் போய் எங்களுக்கு சம்பந்தமே இல்லாதவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்கறாரு. ஒண்ணு கவனிச்சேன், நாய்ங்க எப்பவும் என் பக்கமாதான் வரும், அவரு பக்கம் போகாது. நான் குறுக்கே நின்னு காக்கறேன் இல்லையா, அதனால.

பட்ட காலிலே படும்னு சொல்வாங்க. எனக்குப் படாத காலைத் தேடி வந்து பட்டுச்சு. போன வாரம் குடை ஒரு கையில, டின் ஒரு கையில, பையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, நீ சொன்னபடி மெல்லப் பின்னால நகர்ந்தேன். பின்னால கண்ணு இல்லையே, பின்னாடி தூங்கிக்கிட்டு இருந்த ரொட்டிக்கடை வாலை மிதிச்சுட்டேன். அது வீல்னு கத்த, நான் அதைவிட உரக்கக் கத்தி, ஓடக் கூடாதுங்கறதை மறந்து ஓட, டின் உருண்டு கல்லெல்லாம் சிதற, மருந்துக்கடை வந்து கெண்டைக்காலைக் கவ்விட்டுது. கவ்விட்டு அதுவே பயந்து ஓடிப் போச்சு. உன் மாமா ஒரு வார்த்தை திட்டலை. தெருக்குழாய்கிட்ட உட்கார வெச்சு, கடையில சோப்பு வாங்கி, தண்ணியைத் திறந்துவிட்டுக் கழுவு கழுவுன்னு கழுவினாரு. "மஞ்சள் வைக்கவா?"ன்னேன், "ஒண்ணும் வைக்காதே, உடனே ஊசிதான்"னு கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவுல நடந்தது அதுதான் முதல் தடவை, அதுக்கு ஒரு நாய் கடிக்க வேண்டியிருந்திருக்கு.

நர்ஸ் கேட்டாங்க, "வளர்ப்பா, தெருவா?"

"தெரு நாய்தாம்மா, ஆனா எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச நாய்."

உன் மாமா குறுக்கே, "அது மருந்துக்கடைம்மா. நல்ல குணம், யாரையும் கடிக்காது"ன்னு அதுக்கு சிபாரிசு பண்றாரு.

நர்ஸ் என் காலைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க, "ஐயாவுக்கும் தலையில ஏதாவது அடிபட்டுதா?"னு என்கிட்ட மெதுவாக் கேட்டாங்க. கெடு தேதி தவறாம வந்து எல்லா ஊசியும் போட்டுக்கணும்னு கண்டிப்பாச் சொல்லி அனுப்பினாங்க.

அதுல இருந்து நான் காலை நீட்டிக்கிட்டுக் கட்டில்ல கிடக்கறேன். உன் மாமாவைத் தெருவுல இறங்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். என்னையே கடிச்சதுங்க அவரை விடுமா? ஆனா நேத்து அந்த விரலைத் தொட்டுப் பார்த்தேன், குழாய்த் தண்ணி மாதிரி சில்லுனு இருக்கு. நடந்தா நாய், நடக்காட்டி கத்தி. எந்தப் பக்கம் பார்த்தாலும் இருட்டாத்தான் இருக்கு. நாற்காலியில அவரு, கட்டில்ல நான், யாரு முதல்ல போவோம்னு பார்க்கற மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்கோம். உன் கையில அதிகாரம் இருக்கு. அந்த வலை போட்ட வண்டியை அனுப்பி, இந்தத் தெருவுல இருக்கிற எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டுப் போகச் சொல்லு. உன் மாமாவோட விரலை நீதான் காப்பாத்தணும். முதல்ல மருந்துக்கடையை ஏத்தச் சொல்லு.

உங்கப்பாகிட்ட அக்கா விசாரிச்சதாச் சொல்லு, பல் வலின்னா சும்மா இருக்க வேண்டாம்னு சொல்லு. உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைக்கு என் முத்தம். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும், நல்ல பேரும், நாயில்லாத தெருவும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
காலொடிந்த காக்கை மாதிரி கிடக்கும் உன் அத்தை.

பின்குறிப்பு: கவர்ல ஒட்டலாம்னு பார்த்தா ஸ்டாம்ப் இல்லை. தபால்காரர் வீட்டுல ஸ்டாம்ப் இல்லை, பார்த்துக்கோ. "நான் போய் வாங்கிட்டு வரேன்"னு எழுந்தாரு. "சத்தியம்?"னேன். "லெட்டர் போகணுமே"ன்னாரு. "ஐயோ, தனியாவா?"ன்னேன். "உன்னாலதான் எழுந்திரிக்க முடியாதே"ன்னாரு. அதைச் சொல்லும்போது முகத்துல ஒரு தெளிச்சி, நான் எப்படி மறைக்கறது. இறங்கிப் போயிட்டாரு. நான் சுவரைப் பிடிச்சு நொண்டி வந்து, அவரு நாற்காலியில உட்கார்ந்து ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே இதை எழுதறேன். மருந்துக்கடை எழுந்துச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். சத்தமே இல்லை. கடிச்சாலும் ஒரு சத்தம் வரணுமேன்னு திறந்து பார்த்தேன். அது அவரு காலை முகர்ந்துட்டு, கூட நடக்குது. பின்னாடி ரொட்டிக்கடை. கடைசியா பூட்டின வீடு, வாலை ஆட்டிக்கிட்டு. ஒண்ணும் குரைக்கலை. உன் மாமா பேசிக்கிட்டே போறாரு. "என்ன மருந்துக்கடை, சாப்பிட்டியா?"ன்னு கேக்கறது இங்கே வரைக்கும் கேக்குது. ரிட்டயர் ஆனதுல இருந்து என்கிட்ட பேசினதை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் இதுல பாதி தேறாது. ஸ்டாம்ப் விக்கிற கடையைத் தாண்டிட்டாரு. திரும்பற மாதிரி தெரியலை. சாய்ஞ்ச தோள்கூட கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருக்கு. நடக்கட்டும், விரலுக்கு நல்லது. மேலே எழுதினதை எல்லாம் அடிச்சுட்டதா வெச்சுக்கோ, காகிதம் வீணாகக் கூடாதுன்னுதான் அனுப்பறேன். வண்டியை மட்டும் தயவுசெஞ்சு அனுப்பிடாதே. இந்தத் தெருவுல சத்தம் போடறது யாருன்னு உன் ஆளுங்க விசாரிச்சா, வலையை என் மேலதான் போட வேண்டியிருக்கும்.