தேர்வு நேரத்தில் யன்னலில் ஆமினா உம்மா

லிங்கநகர்,
திருகோணமலை.
செவ்வாய்க்கிழமை.

அன்பின் மச்சான் அஞ்சலோவுக்கு,

மாதாவின் துணையால் நானும் உமது அக்கா றீற்றாவும் இங்கே இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பொய் எழுதினால் அதையும் உமது கமரா பிடித்துவிடும் என்ற பயத்தில் 'இருக்கிறோம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மெல்பேர்னில் நீரும் மனைவி மெலனியும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும் என்று தினமும் மன்றாடுகிறோம். றீற்றா மனதார மன்றாடுகிறாள். நான் பக்கத்தில் முழந்தாளில் நிற்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை நீர் படிப்பிக்கிற அந்த இணையக் கல்லூரியிலிருந்து எனக்கு ஓர் ஓலை வந்தது. 'டொக்டர் பேணாட் இறுதித் தேர்வின்போது அனுமதியில்லாத நிபுணர் ஒருவரின் உதவியைப் பெற்றது வீடியோவில் உறுதியாகியுள்ளதால், அவருடைய தேர்வு இரத்துச் செய்யப்படுகிறது' என்று இருந்தது. கீழே மூன்று கையெழுத்து. நடுவில் இருந்தது உம்முடையது. உமது கலியாணப் பதிவில் சாட்சியாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதே சுழி, அதே வால். அக்காவின் புருஷனைக் கள்ளன் என்று எழுதி அதற்குக் கீழே கையெழுத்து வைக்கிறவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுக்கத் தோன்றவில்லையா? மேன்முறையீடு செய்யலாம் என்று போட்டிருந்தார்கள். படிவத்தைத் திறந்தால் ஐந்நூறு எழுத்துக்கு மேல் ஏற்காதாம். என் கோபம் ஐந்நூறு எழுத்துக்குள் அடங்காது. அதனால்தான் கையால் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து உமக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உமக்குத் தெரியும், இருந்தாலும் இன்னொரு தரம் எழுதுகிறேன். இந்த வருஷம் எங்கள் தொழிலை மேற்பார்வை செய்கிறவர்கள் ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பெயரை எழுதமாட்டேன், எழுதினால் அதற்கும் புள்ளி குறைப்பார்கள். தொழில் செய்கிற கால்நடை மருத்துவர் ஒவ்வொருவரும் தொடர்ந்து படித்ததற்கு இருபது புள்ளி காட்டவேண்டும். மாதம் முடிவதற்குள் காட்டாதவனுடைய கையெழுத்து செல்லாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் குர்பான் பலிக்குக் கட்டியிருக்கிற மாடுகளுக்குச் சுகச் சான்றிதழில் நான்தான் கையெழுத்து வைக்கிறவன், முப்பத்தொரு வருஷமாக. இனி மாட்டுக்கு ஊசி போடலாம், அந்த மாடு சுகமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அறுபத்தொரு வயதில் கையெழுத்தில்லாத டொக்டராக நான் எந்த முகத்தோடு பட்டிக்குள் போவது?

நத்தார்ப் பண்டிகைக்கு நீர் கோல் எடுத்துச் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். "ஏன் அத்தான் புள்ளிக்காகக் கொழும்புக்கு அலையுறியள்? எங்கட இணையத்தில எல்லாம் கிடக்கு. கதிரையில இருந்தபடியே படிக்கலாம்" என்றீர். ஒரு வருஷச் சந்தாவைப் பரிசாகவும் போட்டுவிட்டீர். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் முதற் பாடம் பூனைக்குப் பல் வேர் சிகிச்சை, படிப்பிக்கிறவர் நீர். இரண்டாவது, தனிமையில் வாடும் கிளிக்கு மன ஆறுதல். மூன்றாவது, முயலுக்கு உடல் மெலிய உணவுத் திட்டம். எருமையைத் தேடினேன், மிருகக்காட்சிச்சாலையில் நிற்கிற ஒன்றைக் காட்டினார்கள். இங்கே நெஞ்சுவரை சேற்றில் நின்று கன்று இழுக்கிறவன் நான். அங்கே வெள்ளைக் கையுறை போட்டு ஒரு பூனையின் கடைவாயை நாற்பத்தைந்து நிமிடம் விளக்குகிறீர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இன்னும் இருக்கிறீர்களா?' என்று ஒரு பெட்டி திரையில் வந்து கேட்கும், அதை விரலால் அமர்த்தாவிட்டால் பாடம் முதலிலிருந்து தொடங்கும். உமது பூனையை நான் நான்கு தடவை பார்த்திருக்கிறேன் மச்சான். அதன் பல்லை என் பல்லைவிட நன்றாகத் தெரியும்.

படித்ததைப் பிரயோகம் பண்ணவேண்டும் என்று உங்கள் பாடம் சொன்னதே, அதையும் செய்து பார்த்தேன். 'உரிமையாளருக்குத் துக்கச் செய்தி சொல்லும் ஆறு படிகள்' என்று ஒரு பாடம். அமைதியான இடத்தில் இருத்தவேண்டும், மெல்லிய குரலில் தொடங்கவேண்டும், அவர் மனநிலையை அறியவேண்டும், இப்படிப் போகிறது. அடுத்த கிழமையே நிலாவெளி வீதியில் முஹம்மது தம்பியின் பசுவை பஸ் அடித்துவிட்டது. முதுகெலும்பு போய்விட்டது, பிழைக்காது. வழக்கமாக நான் என்ன சொல்வேன்? "தம்பி, இது தேறாது, உயிர் இருக்கேக்கையே அறுங்கோ" என்பேன், ஒரு நிமிடத்தில் ஆள் கத்தியோடு வருவார், இறைச்சியாவது மிஞ்சும். அன்றைக்கு நான் படித்தவன் அல்லவா? அவரை ஒரு மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினேன். இந்தப் பசுவோடு உங்களுக்கு எத்தனை வருஷப் பழக்கம் என்று கேட்டேன். இந்த நேரத்தில் உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டேன். மனிசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் நான்காம் படிக்கு வர, பசு கண்ணை மூடிவிட்டது. அறுக்காமல் செத்த மாட்டை அவர்கள் தின்னமாட்டார்கள், முழு மாட்டையும் குழி வெட்டிப் புதைத்தார்கள். "டொக்டர், நீங்க பேசிப் பேசியே மாட்டச் சாகடிச்சிட்டீங்க" என்றார் முஹம்மது தம்பி. அந்தப் பாடத்துக்கு எனக்கு இரண்டு புள்ளி கிடைத்தது. எல்லாமாக எட்டுப் புள்ளி. இறுதித் தேர்வில் தேறினால் மிச்சம் பன்னிரண்டும் ஒன்றாக வரும் என்றார்கள்.

இனி அந்தத் தேர்வு. லிங்கநகரில் இன்ரநெற் ஆமை வேகம் என்பதால் கோட்டை வாசலுக்குக் கிட்ட இருக்கிற என் கிளினிக்கில் இருந்தேன். நாற்பது கேள்வி, ஒரு மணித்தியாலம். முகம் கமராவைவிட்டு அசையக்கூடாது, சத்தம் வரக்கூடாது, மூன்று பிழை விட்டால் கதை முடிந்தது. தொடங்குமுன், மேசைக்குக் கீழே காட்டு என்று கணினி சொன்னது. காட்டினேன். அங்கே காலில் கட்டோடு ஒரு நாய் படுத்திருந்தது. அதனுடைய அடையாள அட்டையைக் கேட்கவில்லை, அந்தளவில் பெரிய மனசு. எட்டாம் கேள்வியில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. 'அறையில் வேறொருவர் பேசுகிறார்' என்று முதலாவது பிழை. கோதுமைக் கப்பல் எனக்குப் பூனை வைத்தியம் சொல்லித் தருமா? இருபத்திரண்டாம் கேள்வியில் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வழக்கம்போல வாழைப்பழத் தோலுக்காக யன்னலுக்குள் தலையை விட்டது. 'அறையில் இன்னொரு முகம்' என்று இரண்டாவது பிழை. நான் கண்ணைக்கூட இமைக்காமல் முப்பத்தெட்டுக் கேள்வி முடித்தேன். எல்லாம் பூனை, நாய், கிளி. முப்பத்தொன்பதாவதாக, உங்கள் இணையத்திலேயே முதல் தடவையாக, ஓர் ஆடு வந்தது. நிறை சினை ஆடு, தின்னாமல் ஒதுங்கி நிற்கிறது, காரணம் என்ன என்று நான்கு விடை. நான் விடையை அமர்த்தி முடித்த பிறகுதான், இதை நன்றாகக் கவனியும், முடித்த பிறகுதான், யன்னலில் ஆமினா உம்மாவின் குரல் கேட்டது. ஜமாலியாவில் ஆடு வளர்க்கிறவர், ஓட்டோவில் ஆட்டை ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்.

"டொக்டர், இந்த ஆட்டக் கொஞ்சம் பாருங்க. ரெண்டு நாளா ஒண்டும் தின்னுதில்ல."

"உம்மா, நான் சோதினை எழுதுறன். பத்து நிமிசம் பொறுங்கோ."

"இந்த வயசில என்ன சோதினை? பெயிலாப் போனீங்களா?"

ஆடு ஓட்டோவுக்குள் கால் மடிந்து விழுகிற சத்தம் கேட்டது. எழும்பிப் போனேன் மச்சான். வேறு என்ன செய்ய? முகம் கமராவைவிட்டுப் போனது, மூன்றாவது பிழை, திரை கறுத்தது. ஆட்டுக்குக் குளுக்கோஸ் ஏற்றினேன். மூன்றாம் நாள் இரண்டு குட்டி போட்டது. ஆடு தப்பிவிட்டது, அகப்பட்டது நான். இதைத்தான் உங்கள் ஆட்கள் அந்த வீடியோவில் பார்த்துவிட்டு, 'யன்னலில் நின்ற பெண்மணி ஆடுகள் பற்றி ஆழ்ந்த அறிவுள்ளவராகத் தெரிகிறார்' என்று எழுதியிருக்கிறார்கள். என்னிடம் வைத்தியம் கேட்டு வந்த மனிசி எனக்கு நிபுணராம்! இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் வியர்வையும் சாணமும் பூசிக்கொண்டு திரிந்தவனுக்கு, முகம் தெரியாத ஒரு பெட்டி கள்ளன் என்று பெயர் வைக்கிறது. அதற்கு என் சொந்த மைத்துனர் ஆமென் சொல்கிறார். எனக்கு வயிறு எரிகிறது அஞ்சலோ. ஒருவரும் எனக்கு விடை சொல்லித் தரவில்லை. அவர் கேட்டார், நான் வைத்தியம் செய்தேன், அவ்வளவுதான். இதைச் சத்தியக் கடதாசியாக எழுதித் தரவும் ஆயத்தம். மாதம் முடிகிற வெள்ளிக்கிழமைக்கு முன் உமது கமிற்றியிடம் சொல்லி இந்த அநியாயத்தைத் திருத்தும். திருத்தாவிட்டால், அடுத்த முறை நீர் ஊருக்கு வரும்போது றீற்றா நண்டுக் குழம்பு வைப்பாள், நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

மெலனிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதங்கள். உமக்கு வர வேண்டிய ஆசீர்வாதத்தையும் மனவருத்தத்தோடு இத்துடன் அனுப்புகிறேன். எல்லாரையும் ஆண்டவர் காப்பாற்றுவாராக.

இப்படிக்கு,
உமது அக்காவைக் கட்டிய பாவத்துக்காக,
பேணாட்

பி.கு.: மேலே உள்ள பக்கங்களை அனுப்பி அரை மணித்தியாலம்தான் ஆகிறது. நீல அடையாளம் விழுந்துவிட்டது. "அத்தான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கையெழுத்துப் போடேக்க நான் வீடியோவைப் பார்க்கேல்ல. நீங்கள் சொன்னாச் சரி. நாளைக்கே கமிற்றியில கதைக்கிறன்" என்று நீர் பதிலும் போட்டுவிட்டீர். நீர் சண்டைக்கு வருவீர் என்று நினைத்துத்தான் அவ்வளவும் எழுதினேன். இப்படி உடனே நம்புவீர் என்று நினைக்கவில்லை. அந்த வீடியோவைப் பார்க்காமல் கமிற்றிக்குப் போகாதேயும். முப்பத்தொன்பதாம் கேள்விக்கு நான் முதலில் கல்சியக் குறைவு என்றுதான் அமர்த்தியிருந்தேன். முப்பத்தெட்டுப் பூனைக்குப் பிறகு மண்டை மரத்துப்போயிருந்தது. அப்போதுதான் ஆமினா உம்மா யன்னலால், "வாயில இனிச்ச மணம் மணக்குது டொக்டர், வகுத்தில ரெட்டைக் குட்டி. சத்துக் காணாமத் தாய்க்கு வாற வருத்தம் இது. போன வருசம் மத்த ஆட்டுக்கு வந்த நேரம் நீங்கதானே சொல்லித் தந்தீங்க" என்றார். கேட்ட பிறகு விடையை மாற்றினேன். நான் சொல்லிக் கொடுத்தது அவருக்கு ஞாபகம் இருந்தது, எனக்கு இருக்கவில்லை. உமது கையெழுத்து சரிதான் மச்சான், அது அப்படியே இருக்கட்டும். கிண்ணியாவில் மாட்டுச் சான்றிதழுக்கு வேறு டொக்டரைப் பார்க்கச் சொல்லி நானே நாளைக்குப் போய்ச் சொல்லுகிறேன். றீற்றாவுக்கு மட்டும், நீர் எவ்வளவோ முயன்றும் கமிற்றி மறுத்துவிட்டது என்று சொல்லும்.