அப்பன் பேரில் ஒரு தாலாட்டு

தன் சம்பளத்தில் வாங்கிய சேலையில் கட்டிய தூளியில், தான் பெற்ற பிள்ளையைத் தூங்க வைக்கும் பாட்டில் தன் பேர் மட்டும் இல்லை என்ற விஷயம், வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் ரெங்கசாமிக்குத் தெரியவந்தது.

எடுத்துக் கொடுத்தவன் மைத்துனன் கன்னையா.

"ஏன் மாமா, அக்கா இத்தனை நேரமா பாடுறாளே, கவனிச்சீங்களா? எல்லாம் மாமன், மாமன்னே வருது. உங்க பேரு ஒரு இடத்துலகூட இல்லையே?" என்றான், சட்டியில் மிச்சமிருந்த மீன் துண்டைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டே.

ரெங்கசாமி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஆமாம்! புஷ்பவல்லி தூளியை ஆட்டியபடி இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். மாமன் யானைமேல் வந்தாராம். மணித்தொட்டில் கொண்டுவந்தாராம். அவர் வந்து சேர்கிறவரை ஊரில் ஒரு கோழிகூடக் கூவவில்லையாம்.

அந்த யானைமேல் வந்த மாமன் யார் தெரியுமோ? சாட்சாத் இந்தக் கன்னையாதான். கிள்ளானில் நாடகக் கம்பெனி கலைந்துபோனதும் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டிக்கெட் வாங்காமல் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு டிக்கெட் கலெக்டர் வீட்டிலேயே வந்து இறங்கின தீரன். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்றான். எட்டு மாதம் ஆகிறது.

"புஷ்பம்! அப்பன் யானைமேல வந்தா என்ன? யானை கீழே தள்ளிடுமா?" என்று ரெங்கசாமி கத்தினார்.

"மெல்லப் பேசுங்க, இப்பத்தான் கண்ணசருது. தாலாட்டுன்னா மாமன்தாங்க. அப்பனை வச்சு எங்கயாவது தாலாட்டு உண்டா?"

"ஏன் இல்லை?"

"யாரும் கட்டலை, அதனால இல்லை."

"அப்படியா? நான் கட்டறேன்."

கன்னையா கை கழுவப் போய்விட்டான்.

சாதாரணக் கோபம் என்றால் சாயங்காலத் தேநீரோடு அடங்கியிருக்கும். ஆனால் ஆவணியில் பிள்ளைக்குக் காதுகுத்து. காப்பாரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சொந்தபந்தம் அத்தனையும் கோவிலுக்கு வரும். அவர்கள் முன்னால் பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைத்து, மாமன் புகழ் பாடுவார்கள். பெற்றவன் ஓரமாய் நின்று, பாயசம் எல்லாருக்கும் வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். தன் பிள்ளையின் காதில் தன் பேர் ஒரு தடவையாவது சபையில் விழ வேண்டும் என்று ரெங்கசாமி பெண்டாட்டியிடம் முறையிட்டார்.

"மாமன் சும்மாவா மடியில வச்சிக்கிறான்? சீர் செய்றான்ல?" என்றாள் புஷ்பவல்லி. "என் தம்பி சித்திரையிலேயே ஆசாரிகிட்டச் சொல்லி வச்சிட்டானாம்."

"வாய்ப்பந்தல் போடறதுக்கு உன் தம்பியை மிஞ்ச ஆளேது!"

மறுநாளே சங்கீதம் ஆரம்பமாயிற்று. ரெங்கசாமிக்குத் தெரிந்த ஒரே வாத்தியம் ரயில் கார்டு ஊதும் விசில். ஆனாலும் பாட்டுக்கு முதலில் தாளம் வேண்டும் என்பது கேள்வி ஞானத்தில் தெரியும். காலை கிள்ளான் வண்டியில் சக்கரம் போடுகிற சத்தத்தைத் தாளமாக வைத்துக்கொண்டு, மெட்டை முனகியபடியே டிக்கெட் கேட்டுப் போனார். கையிலிருந்த ஓட்டை போடும் குறடு தானாகவே தாளம் போட்டது.

பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் ஜவுளிக்கடை நசீருதீன் தன் டிக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்ன தம்பி இது? எட்டு ஓட்டை போட்டிருக்கீய? நான் கிள்ளான் போகவா, இதுல இடியாப்பம் பிழியவா?"

"ஆதி தாளம், பாய். எட்டுதான் கணக்கு."

"அதைக் கிள்ளான் டேசன் வாசல்ல நிக்கிறவன்கிட்ட நீரே வந்து சொல்லும்!"

வாசலில் நின்றவனுக்குச் சங்கீத ஞானம் போதாது. அன்றைக்கு முப்பத்தோரு பிரயாணிகள் சல்லடை டிக்கெட்டோடு வரிசையில் நின்றார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, இன்னொரு தடவை இப்படி நடந்தால் சரக்குக் கொட்டகையில் மூட்டை எண்ணப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகட்டும், மெட்டு கிடைத்துவிட்டதே! வீட்டுக்கு வந்ததும் ரெங்கசாமி தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார். ரயிலிலே பிறந்த மெட்டு அல்லவா, மெல்லப் புறப்பட்டது, வேகம் பிடித்தது, பாலத்தின்மேல் போகிற மாதிரி தடதடத்தது. கடைசியில் எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் ஒரு கூவல் போட்டு நிறுத்தினார்.

பிள்ளை கண்ணை அகல விழித்து ஒரு நிமிஷம் அப்பனைப் பார்த்தது. பிறகு வீறிட்டது பாருங்கள்! அடுத்த வீட்டுப் பவுனம்மாள் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

"அடியே புஷ்பம், புள்ளை மேல சுடுதண்ணி கிடுதண்ணி ஊத்திட்டியா?"

"இல்லக்கா. அவங்க அப்பா தாலாட்டுறாரு."

"அட கடவுளே! நான் என்னவோ ஏதோன்னு நினைச்சேன்" என்று சொன்ன பவுனம்மாள், போகும்போது குவார்ட்டர்ஸ் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு போனாள்.

வேகத்தைக் குறைத்தால் பிள்ளை தூங்கும் என்று மறுநாள் மெதுவாகப் பாடினார். ஒவ்வொரு எழுத்தும் மூச்சை வாங்கியது. பாடி முடிப்பதற்குள் அவர்தான் தூங்கிப்போனார். பிள்ளை தவழ்ந்து போய் அவர் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அப்பனைக் கண்டாலே 'பாடப் போகிறானோ' என்று அதற்கு உதடு பிதுங்க ஆரம்பித்தது. இதுதான் ரெங்கசாமியைச் சுட்டது. இருந்த உறவும் போச்சே!

வேறு வழியில்லை. கழுதையானாலும் காலைப் பிடி என்று ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"டேய் கன்னையா, கொஞ்சம் சரிபண்ணிக் குடுடா."

கன்னையா முகம் சுளிப்பான், தன் பேருக்கே உலை வைக்கிற பாட்டு ஆயிற்றே என்று பின்வாங்குவான் என எதிர்பார்த்தார். அவனோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான் பையன் என்று ரெங்கசாமிக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"மெட்டு உங்களோடதுதான் மாமா, அதுல நான் கை வைக்க மாட்டேன். எங்க, பாடுங்க."

"அப்பன் வந்தாரே..."

"சரி, அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"தாளம் எட்டு மாமா. நாலுலயே வந்து நின்னுட்டாரு உங்க அப்பன். மிச்சம் நாலு அட்சரம் வெறுமனே கிடக்குதே. ஏதாச்சும் போட்டு அடைக்கணும்." கன்னையா கூரையைப் பார்த்தான். "'காதுக்குக் கடுக்கன் கொண்டு'... போட்டுப் பாருங்க."

"'காதுக்குக் கடுக்கன் கொண்டு, அப்பன் வந்தாரே...' அட! உக்காருதேடா!"

"உக்காரும்."

"ஆனா நான் கடுக்கன் ஒண்ணும் கொண்டாரலையேடா?"

"பாட்டுல வர்றதெல்லாம் நிசமா மாமா? நான் யானையிலயா வந்தேன்?"

நியாயம்தானே! ரெங்கசாமி ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது அடியிலும் அதே இடத்தில் பள்ளம் விழுந்தது. 'காலுக்குத் தண்டை கொண்டு' என்று போட்டு நிரவினான் கன்னையா. மூன்றாவது அடியில் 'பாலுக்குச் சங்கு கொண்டு' வந்தது. நான்காவதில் 'இடுப்புக்கு வெள்ளி அரைஞாண்' என்று வைத்தார்கள். அந்த இடத்தில் மெட்டு மேலே ஏற வேண்டியிருந்ததால் ரெங்கசாமிக்குக் குரல் உடைந்தது.

"'வெள்ளி'ன்னா நாக்கு மடங்குது மாமா, அதான் சுருதி சறுக்குது. 'பொன்'னுன்னு சொல்லிப் பாருங்க, வாய் குவிஞ்சு நிக்கும்."

"இடுப்புக்குப் பொன்னரைஞாண்..." ரெங்கசாமி பாடிப் பார்த்தார். கல்லு மாதிரி நின்றது சுருதி. "அடடா! சங்கீதத்துல இவ்வளவு நுணுக்கம் இருக்கா!"

"அப்ப தண்டையையும் பொன்னாக்கிடுவோமா?"

"ஆக்கு, ஆக்கு! எனக்கு இப்பப் பிடிபட்டுப்போச்சு."

ஆடி மாதம் முடிவதற்குள் பாட்டு முடிந்தது. ஒரு மத்தியானம் ரெங்கசாமி பயந்துகொண்டே தூளியைப் பிடித்துப் பாடினார். பிள்ளை உதட்டைப் பிதுக்கியது, கேட்டது, கொட்டாவி விட்டது. மூன்றாவது அடியில் கண்ணை மூடியது. ரெங்கசாமி தூளிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். புஷ்பவல்லிக்கே மனசு இளகி, அந்தப் பாட்டையே பாட ஆரம்பித்தாள். பவுனம்மாள் அதைக் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரப்பினாள். குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்கூட 'அப்பன் வந்தாரே' என்று முனகினார்கள்.

ஆவணியும் வந்தது. மாரியம்மன் கோவில் மண்டபத்தில் சொந்தக்காரர்கள் ஜமுக்காளம் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையை வாங்கிக்கொள்ள மாமனைக் கூப்பிட்டார்கள். கன்னையா ஆர்மோனியத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"புள்ளையை எங்க மாமா மடியில வையுங்க. பாட்டுக்கு உரியவரு அவருதான்!" என்றான் சபை கேட்க.

காப்பார்ப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது ஊர் வழக்கமில்லையே! ஆனால் ரெங்கசாமி அதற்குள் சம்மணம் போட்டுவிட்டார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நாலு அடியும் பிசகாமல், பொன்னரைஞாணில் மேலே ஏறி நின்று, இறங்கி முடித்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. யாரோ ஒரு கிழவர், "பெத்தவன்னா இப்படியில்ல இருக்கணும்!" என்று சத்தமாகவே சொன்னார். ரெங்கசாமிக்கு இந்த ஜன்மத்துக்கு அது போதும் என்று தோன்றியது.

காது குத்த வந்திருந்த பழனியப்ப ஆசாரி தன் பெட்டியைத் திறந்து தாம்பாளத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். காதுக்குக் கடுக்கன். காலுக்குப் பொன் தண்டை. பாலுக்குச் சங்கு. இடுப்புக்குப் பொன்னரைஞாண். பாட்டில் வந்தது எதுவும் பாக்கியில்லை. பெண்கள் எட்டிப் பார்த்து வாயில் கை வைத்தார்கள்.

ரெங்கசாமி தாம்பாளத்தையும் கன்னையாவையும் மாறி மாறிப் பார்த்தார். மடியையும் கொடுத்து, பேரையும் கொடுத்து, சொன்ன சொல் தவறாமல் சீரையும் செய்துவிட்டானே! இவனையா தண்டச்சோறு என்று இத்தனை மாதமாய்க் கரித்துக்கொட்டினோம்? வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

"வேலைப்பாடு பிரமாதம் ஆசாரியாரே! உங்க கையைக் கண்ணுல ஒத்திக்கலாம்" என்றார் தழுதழுத்த குரலில்.

பழனியப்ப ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"என் கையை ஒத்திக்கிட்டு என்னங்க ஆகப்போகுது? 'ஆவணியில எங்க மாமா இதையெல்லாம் தானே கொண்டாந்ததா ஊரறியப் பாடுவாரு, பாடி முடிச்சதும் காசை அவர்கிட்டயே வாங்கிக்குங்க'ன்னு சித்திரை மாசமே பட்டியல் எழுதிக் குடுத்தாரே உங்க மச்சினன், அவரு கையை ஒத்திக்குங்க!"